பக்கப்பட்டையில் எதற்கு இடம்? திருப்பூர் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றின் உலாவி மறுசீரமைப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருப்பூரில் காங்கேயம் சாலையை ஒட்டி இயங்கும் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் மெர்ச்சன்டைசிங் அலுவலகத்தில், அதாவது ஆர்டர்களைத் தொடக்கம் முதல் ஏற்றுமதி வரை கவனிக்கும் பிரிவில், 2025ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மாற்றங்களை இந்த ஆய்வு பதிவுசெய்கிறது. நிறுவனத்தின் பெயரும் பணியாளர்களின் பெயர்களும் ஆர்டர் தரும் வெளிநாட்டு வாங்குநர்களான பையர்களின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன. சிறு அலுவலகங்களுக்குக் கணினிப் பராமரிப்புச் செய்துவருபவன் என்ற முறையில் இந்த வேலைக்கு நான் அழைக்கப்பட்டேன்.

அலுவலகத்தில் ஆறு கணினிகள் இருந்தன. நான்கு மெர்ச்சன்டைசர்கள், ஒரு கணக்காளர், ஒரு ஷிப்பிங் பொறுப்பாளர் ஆகியோர் ஆளுக்கொன்றைப் பயன்படுத்தினர். இளைய மெர்ச்சன்டைசரின் மேசையில் மட்டும் 1920க்கு 1080 பிக்சல் கொண்ட திரை இருந்தது. மற்ற ஐந்தும் 1366க்கு 768 அளவிலான பழைய திரைகள். இந்த எண்கள் பின்னால் எடுக்கப்பட்ட ஏறத்தாழ எல்லா முடிவுகளையும் பாதித்தன என்பதால் முதலிலேயே குறிப்பிடுகிறேன்.

பின்னலாடைத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு சிறு விளக்கம் தேவைப்படும். ஒரு ஸ்டைலுக்கு, அதாவது ஓர் ஆடை வடிவத்துக்கு, ஆர்டர் உறுதியான பிறகு நூல் வாங்குவதில் தொடங்கி நிட்டிங், டையிங், காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காதபடி பதப்படுத்துதல்), கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று நகர்ந்து, பெட்டிகள் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் புறப்படும் வரையிலான கட்டங்களில் பல, கூலிக்குச் செய்துதரும் வெவ்வேறு ஜாப் ஒர்க் பட்டறைகளில் நடக்கின்றன. துணி ஊருக்குள் ஒரு பட்டறையில் பின்னப்பட்டு, பெருந்துறையில் சாயமேறி, மீண்டும் ஊருக்குள் வந்து வெட்டப்படுவது இங்கே வழக்கமான பயணம். இந்தக் கண்ணிகளையெல்லாம் இணைத்துப் பிடித்திருப்பவர் மெர்ச்சன்டைசர். ஒருவர் கையில் ஒரே சமயத்தில் பத்துப் பதினைந்து ஸ்டைல்கள் ஓடுகின்றன. பையரின் மின்னஞ்சல், பையரின் வலைத்தளம், நிறுவனத்தின் சொந்த ஆர்டர் கண்காணிப்பு மென்பொருள், பட்டறைகளோடு பேசும் வாட்ஸ்அப் வெப், கொரியர் நிலவரம், சரக்கு அனுப்புவதற்கான இ-வே பில் தளம் என அத்தனையும் ஒரே உலாவிக்குள்ளேயே திறந்திருக்கின்றன.

ஏற்கெனவே இருந்த அமைப்பு

அந்த அலுவலகத்தில் எல்லோரும் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைப் பயன்படுத்தினர். முன்பு அங்கே வேலைபார்த்து வேறிடம் சென்றுவிட்ட ஒருவர், டேப்களை மேலே கிடைமட்டமாக அடுக்காமல் இடப்பக்கம் மரம்போலக் கிளைவிட்டுக் காட்டும் ஒரு நீட்சியை (உலாவியோடு சேர்க்கும் துணை மென்பொருளை) நிறுவி, மேலிருந்த டேப் வரிசையை யூசர்குரோம்.சிஎஸ்எஸ் என்ற, தோற்றத்தை மாற்றும் நடைத்தாள் கோப்பின் மூலம் மறைத்து வைத்திருந்தார். ஆர்வத்தோடும் கைத்திறனோடும் செய்யப்பட்ட வேலை அது. பையர் வாரியாகவும் ஸ்டைல் வாரியாகவும் டேப்கள் மடிந்து விரிந்ததை எல்லோரும் விரும்பியே பயன்படுத்தினர்.

அதன் பலவீனம் அது நின்ற இடத்தில் இருந்தது. உலாவியின் இடைமுகத்தையே மாற்றக்கூடிய பழைய வகை நீட்சிகளுக்கான ஆதரவை, 2017 நவம்பரில் வந்த 57ஆம் பதிப்போடு ஃபயர்ஃபாக்ஸ் நிறுத்திவிட்டது. புதிய வகை நீட்சிகள் உலாவிச் சாளரத்தின் ஓரத்தில் நிற்கும் பக்கப்பட்டைக்குள் தங்களுக்கென ஒரு பகுதியைப் பெறலாமே தவிர, உலாவியின் மற்ற உறுப்புகளைத் தொட முடியாது. எனவே மேல் வரிசையை மறைக்க விரும்புகிறவர்களுக்கு அந்த நடைத்தாள் வழி மட்டுமே மிஞ்சியது. அதுவும் 2019இல் வந்த 69ஆம் பதிப்பிலிருந்து இயல்பாக அணைக்கப்பட்டு, தேவைப்படுகிறவர் உள் அமைவுப் பக்கத்துக்குச் சென்று தாமே இயக்கிக்கொள்ள வேண்டியதாக இருக்கிறது. நடைத்தாளின் விதிகள் உலாவியின் உட்கூறுகளுக்கு இடப்பட்டிருக்கும் உள்பெயர்களைப் பற்றிக்கொண்டே செயல்படுகின்றன. அந்தப் பெயர்களும் அடுக்குகளும் மாறாது என்று யாரும் உறுதியளித்ததில்லை. அவை மாறும்போது விதி எந்தப் பிழைச்செய்தியும் காட்டாமல் செயலிழந்துவிடும்.

இன்னொரு விளைவையும் சொல்ல வேண்டும். டேப் வரிசையை மறைத்தபோது அதே வரிசையில் இருந்த சாளரத்தின் மூடும், சிறிதாக்கும் பொத்தான்களும் மறைந்துவிட்டதால், அவற்றுக்காகத் தலைப்புப்பட்டை தனியே இயக்கப்பட்டிருந்தது. 768 பிக்சல் உயரத் திரையில் உயரத்தை மிச்சப்படுத்துவதற்காகச் செய்த மாற்றம், மிச்சப்படுத்தியதில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தது.

2025 மார்ச் 4 அன்று வெளியான ஃபயர்ஃபாக்ஸ் 136 புதிய பக்கப்பட்டையையும் நெடுக்கு டேப்களையும் அதிகாரபூர்வமாகவே கொண்டுவந்தது. அலுவலகத்தில் ஒருவர் அமைவுகளுக்குள் சென்று அதை இயக்கிப் பார்த்திருக்கிறார். உலாவியின் சொந்த நெடுக்கு டேப் பட்டியல் ஒன்று, நீட்சியின் மரப் பட்டியல் ஒன்று என இரண்டு பட்டியல்கள் அருகருகே நின்றன. பழைய நடைத்தாளின் விதிகளில் சில பொருந்தின, சில பொருந்தவில்லை. அமைத்தவர் ஊரில் இல்லாததால் அதை யாரும் தொடத் துணியாமல், அப்படியே வைத்துக்கொண்டு சில வாரங்கள் வேலை நடந்தது.

அழைப்புக்குக் காரணமான சம்பவம்

ஒரே பையரின் இரண்டு ஸ்டைல்கள் அப்போது ஓடிக்கொண்டிருந்தன. துணியின் பின்னல் வகையில் ஒன்று சிங்கிள் ஜெர்சி, மற்றொன்று இன்டர்லாக், இரண்டுமே நேவி நிறம். சாயப்பட்டறை சிறு துண்டுத் துணியில் சாயமேற்றி அனுப்பிய லேப் டிப் மாதிரிகளில் எந்த ஷேடு (நிறச் சாயல்) ஏற்கப்பட்டது என்பதைப் பையர் மின்னஞ்சலில் தெரிவித்திருந்தார். மூத்த மெர்ச்சன்டைசர் அதைப் படித்துவிட்டு, வாட்ஸ்அப் டேப்பைத் தேடிச் சென்று, ‘சி ஷேடு ஓகே, பல்க் போடலாம்’, அதாவது ஆர்டரின் முழுத் துணிக்கும் சாயமேற்றலாம், என்று எழுதினார். எழுதிய இடம் மற்ற ஸ்டைலுக்கான குழு.

பெருந்துறையிலிருந்த டையிங் மேற்பார்வையாளர் உடனே தொலைபேசியில் அழைத்தார். “ஏனுங்க மேடம், இந்த ஸ்டைலுக்கு நாங்க ஏ, பி ரெண்டு ஷேடுதானுங்களே அனுப்பினோம்? சி எங்கிருந்துங்க வந்துச்சு?” என்று அவர் கேட்டதால் துணி இயந்திரத்துக்குள் போகவில்லை. இரண்டு ஸ்டைல்களுக்கும் மூன்று மாதிரிகள் அனுப்பப்பட்டிருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்காது. தவறான ஷேடில் முழு பல்க்கும் சாயமேறியிருக்கும். மறுநாள் முதலாளி என்னை அழைத்து, உலாவியைச் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொண்டார்.

உட்கார்ந்து பார்த்தபோது தெரிந்தவை

எதையும் மாற்றுவதற்கு முன், ஒவ்வொருவரின் பக்கத்திலும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போகிறார்கள் என்பதைத் தாளில் குறித்துக்கொண்டேன். கேட்டால் எல்லோரும் டேப்கள் அதிகமாகிவிட்டன என்றே சொன்னார்கள். தாளில் தெரிந்த நிலைமை வேறாக இருந்தது. திறந்திருந்த முப்பது நாற்பது டேப்களில் பெரும்பாலானவை நாள்முழுதும் தொடப்படவே இல்லை; தேடுவதில் செலவான நேரமும் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஓயாத பயணம் இரண்டே இடங்களுக்கு இடையில் நடந்தது: மின்னஞ்சலிலிருந்து வாட்ஸ்அப்புக்கும், வாட்ஸ்அப்பிலிருந்து மின்னஞ்சலுக்கும். போகும் வழியில் ஆர்டர் மென்பொருளை எட்டிப் பார்த்து, ஸ்டைல் எண்ணையோ தேதியையோ சரிபார்த்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு பயணத்திலும் ஓர் எண்ணோ எழுத்தோ மனத்தில் சுமந்து செல்லப்பட்டது. ஸ்டைல் எண், ஷேடு எழுத்து, கிலோ, தேதி ஆகியவற்றை ஒரு பக்கத்தில் படித்து, அந்தப் பக்கம் கண்ணிலிருந்து மறைந்த பிறகு இன்னொரு பக்கத்தில் எழுதினார்கள். மூத்த மெர்ச்சன்டைசர் இதைத் துல்லியமாகவே சொன்னார்: “டேப் எங்க இருக்குன்னு தெரியாம இல்லீங்க தம்பி. மெயில்ல பாத்துட்டு அங்க போறதுக்குள்ள நடுவுல ரெண்டு மெசேஜ் வந்துருது, மனசுல வெச்சிருந்தது மாறிப்போயிருதுங்க.”

அலுவலகத்துக்குத் தேவைப்பட்டது டேப்களை இன்னும் நேர்த்தியாக அடுக்கும் முறையன்று, இரண்டு பக்கங்கள் ஒரே நேரத்தில் கண்முன் நிற்கும் ஏற்பாடு என்ற முடிவுக்கு அந்தத் தாள்களே கொண்டுவந்தன. முன்பிருந்த மர அமைப்பு அழகாக இருந்தும் லேப் டிப் குழப்பத்தைத் தடுக்க முடியாததற்குக் காரணம் இதுதான்: பக்கப்பட்டையின் விலைமதிப்புள்ள அகலம் முழுவதையும் டேப் பட்டியலே எடுத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவதாகத் தெரிந்த ஒன்றும் முக்கியமானது. ஷிப்பிங் பொறுப்பாளரும் கணக்காளரும் செய்யும் வேலை இந்த வகையைச் சேர்ந்ததன்று. அவர்கள் ஒரு தளத்தில் நுழைந்து, ஒரு வேலையை முடித்து, வெளியேறுகிறார்கள். இன்னொரு பக்கத்தைப் பக்கவாட்டில் திறந்துவைக்கும் பேனல் எதுவும் அவர்களுக்குப் பயன்படாது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் முடிவு பழைய நடைத்தாளைப் பணியிலிருந்து விலக்குவது. உதவிப் பக்கத்தின் வழியாகச் சுயவிவரக் கோப்புறையைத் திறந்து, அதற்குள் நடைத்தாள் இருந்த குரோம் என்ற உட்கோப்புறையின் பெயரை மாற்றி, உள் அமைவையும் மீண்டும் அணைத்தேன். அழிக்காமல் பெயர் மட்டும் மாற்றியதற்குக் காரணம், அமைத்தவரின் உழைப்பு அதில் இருந்தது என்பதும், அதன் சில விதிகளை யாராவது பின்னால் கேட்கக்கூடும் என்பதும்தான்.

அடுத்தது உலாவித் தேர்வு. ஃபயர்ஃபாக்ஸின் புதிய பக்கப்பட்டை நன்றாகவே இருக்கிறது. ஆனால் வரலாறு, புத்தகக்குறிகள், பிற கருவிகளின் டேப்கள், உரையாடல் செயலிகள், நீட்சிகளின் பகுதிகள் ஆகியவற்றைத்தான் அதில் வைக்க முடிகிறது; நாம் விரும்பும் ஒரு வலைத்தளத்தை நேரடியாக அதில் நிறுத்த வழியில்லை. ஒரு காலத்தில் புத்தகக்குறி எதையும் பக்கப்பட்டையில் திறக்கும் வசதி அதில் இருந்தது. 2018இல் வந்த 63ஆம் பதிப்பில் அது நீக்கப்பட்டது. நீட்சிகள் மூலம் தளங்களைப் பக்கப்பட்டைக்குள் சட்டமிட்டுக் காட்ட முயன்றாலும், தம்மை வேறொரு பக்கத்துக்குள் சட்டமிடக் கூடாது என்று பல தளங்கள் பாதுகாப்புக்காகவே தடை விதித்திருக்கின்றன. ஸ்டைல் வாரியாக டேப்களை அடுக்கும் பழக்கத்தை இழக்க அலுவலகத்தினர் விரும்பாததால், தளத்தைப் பக்கவாட்டில் நிறுத்துவதும் டேப்களை அடுக்குவதும் சேர்ந்து கிடைக்கும் விவால்டி என்ற உலாவியை மெர்ச்சன்டைசர்கள் நால்வருக்கும் தேர்ந்தெடுத்தோம்.

இந்தத் தேர்வுக்குப் பின்னால் ஒரு வரலாற்றுக் காரணமும் எனக்கு இருந்தது. பழைய ஓபரா உலாவியில் பக்கவாட்டுப் பேனல்கள் பல ஆண்டுகள் இருந்தன. 2013இல் ஓபரா, கூகுளின் குரோம் உலாவிக்கும் அடிப்படையான குரோமியம் அடித்தளத்துக்கு மாறியபோது அந்தத் தனிப்பயன் வசதிகளில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. ஓபராவின் நிறுவனர்களில் ஒருவரான யோன் வான் டெட்ஸ்னர் தொடங்கிய விவால்டியின் முதல் நிலையான பதிப்பு 2016 ஏப்ரலில் வந்தது. இழந்த அந்த வசதிகளை மீட்பதையே அது தன் அடையாளமாகக் கொண்டது. ஒட்டவைக்கப்பட்ட வசதியைவிட, ஒரு மென்பொருள் தன் இருப்புக்கே காரணமாகக் காட்டும் வசதி நீடிக்க வாய்ப்பு அதிகம் என்று கருதினேன். விவால்டியிலும் சோதனை அமைவு ஒன்றை இயக்கிச் சொந்த நடைத்தாள் சேர்க்கலாம். அதைத் தொடுவதில்லை என்று அப்போதே முடிவுசெய்து, அமைவுகள் பக்கத்தில் வெளிப்படையாகக் கிடைப்பவற்றைக் கொண்டு மட்டுமே எல்லாவற்றையும் அமைத்தோம். நான் இல்லாதபோதும் அலுவலகத்தினர் தாமே திருத்திக்கொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது இதில் அடிப்படை.

கணக்காளரின் கணினியில் டிஜிட்டல் கையொப்பக் கருவி ஃபயர்ஃபாக்ஸோடு பிரச்சினையின்றி இயங்கிவந்ததால் அதை அப்படியே விட்டோம். வரித்தளங்களுக்கான புத்தகக்குறிகள் எப்போதும் கண்ணில் தெரிய வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, நிறுவனங்களுக்காக ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவே ஆதரிக்கும் பாலிசிஸ்.ஜேசன் கோப்பில் புத்தகக்குறிப் பட்டையைக் காட்டும் விதியைச் சேர்த்ததே போதுமானதாக இருந்தது. ஷிப்பிங் பொறுப்பாளருக்கும் அதே ஏற்பாடு.

பேனல்கள் எத்தனை என்பதில்தான் நீண்ட விவாதம் நடந்தது. “அண்ணா, கொரியர் டிராக்கிங்குக்கும் ஒரு ஐகான் போட்டுக் குடுங்கண்ணா” என்றார் இளைய மெர்ச்சன்டைசர். டாலர் மதிப்பு, மின்னஞ்சல், இ-வே பில் என்று பட்டியல் நீண்டது. வேறொரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் தெரிய வேண்டியது எது என்ற ஒரே கேள்வியை ஒவ்வொன்றுக்கும் கேட்டோம். கொரியர் நிலவரத்தை நாளுக்கு இரண்டு முறை பார்த்தால் போதும். அது டேப்பிலேயே இருக்கலாம். இ-வே பில் தானாகவே ஒரு முழு வேலை. மின்னஞ்சல் படிக்க அகலம் வேண்டும், அதுவே முதன்மைப் பக்கம். இப்படிக் கழித்த பிறகு மூன்று மட்டும் நின்றன: வாட்ஸ்அப் வெப், ஆர்டர் மென்பொருளின் ஸ்டைல் பட்டியல், விவால்டியோடு வரும் குறிப்புகள் பேனல்.

குறிப்புகள் பேனலை யாரும் கேட்கவில்லை. அதைச் சேர்த்தது என் யோசனை. மின்னஞ்சலில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து வலது சொடுக்கில் குறிப்பாக நகலெடுத்தால், அந்த வரியோடு அது எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது என்ற முகவரியும் பதிகிறது. ஷேடு எழுத்தை மனத்தில் சுமப்பதற்குப் பதிலாகப் பையரின் வாக்கியத்தையே தூக்கிச் செல்லலாம் என்பதால், லேப் டிப், அளவு மாற்றம், தேதி மாற்றம் ஆகிய மூன்றையும் இந்த வழியில் மட்டுமே பட்டறைக்குத் தெரிவிப்பது என்று அலுவலகம் ஒப்புக்கொண்டது.

வாட்ஸ்அப் தொடர்பாக ஒரு வெளிக்கட்டுப்பாடு எங்கள் முடிவை எளிதாக்கியது. ஒரு கைபேசி எண்ணோடு நான்கு கருவிகளைத்தான் இணைக்க முடியும். அலுவலகப் பொது எண் ஆறு கணினிகளிலும் மாறிமாறி இணைக்கப்பட்டு, ஒருவர் இணைத்தால் இன்னொருவருடையதைத் துண்டிக்க வேண்டியிருந்தது. பேனல் தேவைப்படுகிறவர்களும் நால்வர் என்பதால் அந்த நான்கு இடங்களும் அவர்களுக்கே ஒதுக்கப்பட்டன. கைபேசியைப் பதினான்கு நாட்களுக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டால் இணைப்புகள் தாமாகவே துண்டிக்கப்படும் என்பதால், அலமாரியில் பூட்டிவைக்கப்பட்டிருந்த அந்தக் கைபேசியை முதலாளியின் உதவியாளர் பொறுப்பில் கொடுத்தோம். பேனலில் வாட்ஸ்அப் திறந்தே நிற்பதால் எழுந்து செல்பவர் திரையைப் பூட்ட வேண்டும் என்பதும், ஒவ்வொருவருக்கும் விண்டோஸில் தனிக் கணக்கு இருக்க வேண்டும் என்பதும் அதே நாளில் நடைமுறைக்கு வந்தன.

அகலத்தோடு நடந்த போராட்டம்

அமைப்பு வேலையில் அதிக நேரம் பிடித்த பகுதி இது. 1366 பிக்சல் திரையில் 400 பிக்சல் அகலப் பேனலையும் அதன் சின்னங்கள் நிற்கும் ஒல்லியான பட்டையையும் கழித்தால், முதன்மைப் பக்கத்துக்குச் சுமார் 930 பிக்சல் மிஞ்சுகிறது. மின்னஞ்சலுக்கு அது போதும். ஆர்டர் மென்பொருளை முதன்மைப் பக்கத்தில் திறந்தபோது அதன் அட்டவணையிலிருந்து எக்ஸ்-ஃபேக்டரி தேதி (சரக்கு தொழிற்சாலையை விட்டுப் புறப்படும் நாள்) உள்ளிட்ட நெடுவரிசைகள் காணாமல் போயின. அந்த மென்பொருள் பூட்ஸ்ட்ராப் வடிவமைப்புச் சட்டகத்தில் கட்டப்பட்டது; அதில் 768, 992, 1200 பிக்சல் ஆகியவை வழக்கமான எல்லைக்கோடுகள். பக்கத்தின் அகலம் 992க்குக் கீழே இறங்கியதும் அது சிறு திரைக்கான அமைப்புக்கு மாறி நெடுவரிசைகளை மறைத்துக்கொண்டது.

பேனலைக் குறுக்கினால் வாட்ஸ்அப்பில் தமிழ்ச் செய்திகள் வாசிக்க முடியாதபடி ஒடிந்தன. தமிழின் நீண்ட சொற்கள் ஒல்லியான பத்தியில் வரிக்கு ஒன்றிரண்டாகத்தான் நிற்கின்றன. எனவே பேனலின் அகலத்தை விட்டுவிட்டு, ஆர்டர் மென்பொருளின் தளத்துக்கு மட்டும் பக்கத்தின் உருப்பெருக்கத்தை 90 விழுக்காடாகக் குறைத்தோம். உருப்பெருக்கம் குறையும்போது பக்கம் தன்னை அகலமானதாகக் கணக்கிட்டுக்கொள்கிறது. 930 பிக்சல் ஏறத்தாழ 1030 ஆகி, 992 என்ற கோட்டைத் தாண்டிவிடுகிறது. நெடுவரிசைகள் திரும்பின.

மூத்த மெர்ச்சன்டைசருக்கு அந்த எழுத்தளவு கண்ணுக்குச் சிரமம் தந்தது. அவருக்கு மட்டும் மிதக்கும் பேனல் அமைவைத் தேர்ந்தெடுத்தோம். அதில் பேனல் பக்கத்தை ஒடுக்காமல் அதன் மேலே வந்து நிற்கிறது. எஃப்4 விசையை அழுத்தினால் மறைகிறது, மறுபடி அழுத்தினால் வருகிறது. அருகருகே காண்பது என்ற நோக்கத்தில் இது ஒரு சமரசம். மின்னஞ்சலின் இடப்பாதி எப்போதும் தெரிகிறது, பையரின் வாக்கியங்கள் பெரும்பாலும் அந்தப் பாதியில்தான் இருக்கின்றன என்பதால் அவர் அதை ஏற்றுக்கொண்டார்.

டேப்களைப் பக்கவாட்டில் வைக்க வேண்டும் என்ற பழைய விருப்பம் மறுபடி எழுந்தது. நெடுக்கு டேப் உயரத்தைத் தருகிறது, அகலத்தை எடுக்கிறது. பேனலும் அகலத்தையே எடுக்கிறது. 1366 பிக்சலில் இரண்டுக்கும் இடமில்லை என்பதைத் திரையிலேயே காட்டிய பிறகு மூவர் மேல் வரிசைக்குத் திரும்பினர். 1920 பிக்சல் திரை கொண்ட இளையவருக்கு டேப்கள் இடப்புறமும் பேனல் வலப்புறமும் வைக்கப்பட்டன. மரத்தின் கிளைகளுக்குப் பதிலாக, பையருக்கு ஒரு பணியிடம் (டேப்களின் தனித் தொகுதி), ஸ்டைலுக்கு ஒரு டேப் அடுக்கு என்று வகுத்தோம்; 2023இல் விவால்டி 6.0 கொண்டுவந்த பணியிடங்கள் இதற்குப் பொருத்தமாக அமைந்தன.

நடைமுறைக்கு வந்த வாரம்

முதல் நாள் காலையிலேயே வாட்ஸ்அப் பேனல் கியூஆர் குறியீட்டைக் காட்டாமல், செயலியைப் பதிவிறக்கச் சொல்லும் பக்கத்தைக் காட்டியது. விவால்டியின் வலைப் பேனல்கள் ஒல்லியாக இருப்பதால் தளங்களிடம் கைபேசிப் பதிப்பைக் கேட்கக்கூடியவை. கைபேசி என்று நினைத்த வாட்ஸ்அப் தளம் வேறு பக்கத்துக்கு அனுப்பிவிட்டது. பேனலின் சின்னத்தில் வலது சொடுக்கி, கணினிப் பதிப்பைக் காட்டுமாறு மாற்றியதும் சரியானது. ஸ்டைல் பட்டியலுக்கு நேர்மாறான அமைவே பொருந்தியது: கைபேசிப் பதிப்பில் ஒவ்வொரு ஸ்டைலும் ஓர் அட்டையாக, எண்ணும் நிறமும் தேதியும் மேலிருந்து கீழாக வந்ததால் ஒல்லியான இடத்தில் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு பேனலுக்கும் இதைத் தனித்தனியாகத் தீர்மானிக்க முடிவது பெரும் வசதி.

அதற்கடுத்துத் தெரிந்தது குழுப் பெயர்களின் சிக்கல். பட்டறையின் பெயர், ஊரின் பெயர், கடைசியில் ஸ்டைல் எண் என்ற வரிசையில் குழுக்களுக்குப் பெயரிடப்பட்டிருந்தன. குறுகிய பேனலில் பெயரின் முன்பகுதி மட்டுமே தெரிந்ததால், பெருந்துறைப் பட்டறையின் குழுக்கள் எல்லாம் ஒன்றுபோலவே காட்சியளித்தன. ஸ்டைல் எண், துணி வகை, நிறம், பிறகு பட்டறை என்ற வரிசைக்கு ஓடிக்கொண்டிருந்த எல்லாக் குழுக்களின் பெயர்களையும் அன்றே மாற்றினார்கள். சிங்கிள் ஜெர்சியும் இன்டர்லாக்கும் முதல் பார்வையிலேயே பிரிந்து தெரியத் தொடங்கின.

நான்கு ஜிபி நினைவகம் இருந்த இரண்டு கணினிகள் மூன்று பேனல்களையும் திறந்தபோது தடுமாறின. வாட்ஸ்அப் வெப் தனியாகவே கனமானது. திறந்த பேனல் பின்னணியிலும் நினைவகத்தைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டிலும் நினைவகம் எட்டு ஜிபியாக உயர்த்தப்பட்டது.

பின்னர் நடந்தவை

சில மாதங்களுக்குப் பிறகு மீண்டும் சென்று பார்த்தபோது, நால்வரில் மூவர் வாட்ஸ்அப் பேனலை நாள்முழுதும் திறந்தே வைத்திருந்தனர். ஒருவர் அதை மூடிவிட்டுக் கைபேசியையே பயன்படுத்தினார். மேசையில் கைபேசி இருப்பதே அவருக்கு இரண்டாவது திரை என்பதால் அதை மாற்றச் சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை. குறிப்புகள் பேனல் எதிர்பார்த்ததைவிட நன்றாக வேரூன்றியிருந்தது. மூத்த மெர்ச்சன்டைசர் ஸ்டைலுக்கு ஒரு கோப்புறை என்று பிரித்து, பையரின் ஒப்புதல்களைத் தேதிவாரியாகச் சேர்த்துவந்தார். செக்கிங்கில் அளவு குறித்து ஒரு சர்ச்சை வந்தபோது அந்தக் குறிப்பைத் திறந்துகாட்டியே முடித்துவைத்ததாகச் சொன்னார்.

ஸ்டைலும் ஷேடும் மாறிய சம்பவம் அதன் பிறகு நடக்கவில்லை என்று முதலாளி தெரிவித்தார். அதற்கான பெருமையைப் பேனலுக்கு முழுமையாகக் கொடுக்க என்னால் முடியாது. குழுப் பெயர்களைத் திருப்பியமைத்தது, உலாவியைத் தொடாமலேயே அந்தத் தவறின் வாய்ப்பைக் கணிசமாகக் குறைத்திருக்கும். இரண்டும் ஒரே வாரத்தில் நடந்ததால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்வது நேர்மையாகாது.

இடையில் விவால்டிக்கும் ஃபயர்ஃபாக்ஸுக்கும் பலமுறை புதிய பதிப்புகள் வந்தன. அமைவுகள் எதுவும் உடையவில்லை. இளையவர் தாமாகவே கொரியர் பேனலைச் சேர்த்துப் பார்த்து, சில நாட்களில் தாமாகவே நீக்கியும் விட்டார். அமைவுகள் அலுவலகத்தினரின் கைக்குள் இருப்பதற்கு அது போதுமான அடையாளமாக எனக்குப் பட்டது.

மறுமுறை செய்யும்போது மாறுபவை

இதே வேலையைப் பல்லடத்தில் மற்றோர் அலுவலகம் கேட்டிருக்கிறது. அங்கே வரிசை மாறும். முதல் வாரம் குழுப் பெயர்களையும் குறிப்பெடுக்கும் வழக்கத்தையும் மட்டும் மாற்றிவிட்டு, அதன் விளைவைப் பார்த்த பிறகே பேனல்களைக் கொண்டுவருவதாகத் திட்டம். ஒவ்வொரு திரையின் பிக்சல் அளவும், அங்கே பயன்படும் மென்பொருள் எந்த அகலத்தில் தன் நெடுவரிசைகளை மறைக்கிறது என்பதும் உலாவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே சோதிக்கப்படும். அமைவுகள் ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது, ஏன் மாற்றப்பட்டது என்பதைத் தமிழில் எழுதிய ஒரு தாள் ஒவ்வொரு கணினியோடும் இருக்கும். காங்கேயம் சாலை அலுவலகத்துக்கும் அத்தகைய தாள் இப்போது கொடுக்கப்பட்டுவிட்டது.

அந்த அலுவலகத்தில் பழைய திரைகளில் இரண்டை மாற்ற முதலாளி ஒப்புக்கொண்டிருக்கிறார். அவற்றில் ஒன்று மூத்த மெர்ச்சன்டைசரின் மேசைக்குப் போகும். 1920 பிக்சலில் 992 என்ற எல்லை குறுக்கிடாது என்பதால், மிதக்கும் பேனலை விட்டு நிலையான பேனலுக்கு மாறுவதா, டேப்களை மீண்டும் பக்கவாட்டில் வைப்பதா என்பதைத் திரை வந்த பிறகு அவரோடு உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.